தூக்கத்தைக் கடன் வாங்காதீர்கள்!



அண்மையில் ஒரு தாய் தம் மகனைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். கையெல்லாம் சிராய்ப்பு, தோளில் வீக்கம். பையனுக்குக் கிள்ளான் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு விநியோகம். காலையில் வேலை முடிந்து திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் விழுந்திருக்கிறான். யாரும் மோதவில்லை.

"எத்தனை மணி நேரம் தூங்கினே தம்பி?" என்று கேட்டேன்.

"மூணு மணி நேரம் ஐயா. கைப்பேசியிலே ஆர்டர் வந்துக்கிட்டே இருந்துச்சு."

அவனுக்கு மருந்து சிராய்ப்புக்கு மட்டும் போதுமா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஆற்றில் படகேறிப் போனார்கள். 1886ல் ரயில் வந்தது. 1995ல் மின்சாரக் கொமுட்டர் வந்தது. இன்று கைப்பேசியைத் தட்டினால் சாப்பாடே வாசலுக்கு வருகிறது. இத்தனை இயந்திரமும் நேரத்தை மிச்சம் பிடித்தன. மிச்சமான நேரம் ஓய்வுக்கா போனது? இல்லை, இன்னொரு வேலைக்குப் போனது! அதுவும் போதாமல் தூக்கத்தில் கை வைக்கிறோம்.

காலை 4 மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவருக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேர விழிப்பு. அந்த நிலையில் ஒருவருடைய நிதானம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். 2020ல் திருத்திய நம் சாலைச் சட்டம் வாகனமோட்டிகளுக்கு வைத்த வரம்பும் அதே 50தான். சொட்டுக்கூடக் குடிக்காதவரும் குடித்தவர் போல் ஆகிவிடுகிறார்!

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 3 வினாடி கண் அசந்தால், வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

ஆகவே சில யோசனைகள்:

பெரியவர்களுக்கு நாளுக்கு 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுக்கும்போது கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

வண்டியில் கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். காப்பி கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

தாய்மார்களே, இரவு வேலை முடித்து வந்த பிள்ளையைப் பகலில் "கடைக்குப் போய் வா" என்று எழுப்பாதீர்கள். சன்னலை மூடி அறையை இருட்டாக்குங்கள்.

பலத்த குறட்டையும், பகலெல்லாம் தூக்கக் கலக்கமும் இருந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். அது நோயாகவும் இருக்கலாம்.

"சம்பளம் பத்தலையே ஐயா, ஓடாமல் என்ன செய்ய?" என்பீர்கள். நியாயம்தான். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேர வரம்பு 2023 ஜனவரி முதல் 45 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த 3 மணி நேரம் ஓய்வுக்கு உரியது. கூலி உயரச் சங்கத்தில் ஒன்றுகூடிக் கேட்போம். அதைத் தூக்கத்தை விற்று ஈடுகட்ட வேண்டாம்.

மெஷின் கெட்டால் புதிய பாகம் மாட்டலாம். பிள்ளை போனால் எந்தக் கடையில் வாங்குவோம்?