கதிரவன் நெருப்பல்ல!

பால்மரம் வெட்டுவோருக்குக் கதிரவனின் குணம் தெரியாததல்ல. வெயில் ஏற ஏற மங்கில் பால் சொட்டுவது குறைந்துவிடும். அதனால்தான் விடியுமுன்பே வேலைக்காட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கதிரவன் எதனால் ஆனவன் என்று கேட்டால், நம்மில் பலர் ‘பெரிய நெருப்புப் பந்து’ என்றே சொல்வோம். உண்மை அதுவன்று.

நெருப்பு எரிய விறகும் காற்றும் வேண்டும். கதிரவனோ ஒரு வாயுக்கோளம். எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். மீதியில் பெரும்பகுதி ஹீலியம். அவனுக்குள் 13 லட்சம் பூமிகளை அடைக்கலாம். அத்தனை பெரிய உடலின் எடை முழுவதும் நடுப்பகுதியை அழுத்துவதால் அங்கே வெப்பம் 1.5 கோடி டிகிரி செல்சியஸ்! அந்த நெருக்கலில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் ஒளியும் வெப்பமுமாகிவிடுகிறது. கதிரவனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு உண்டு. வெறும் நிலக்கரியாக இருந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே சாம்பலாகியிருப்பான்!

நடுவில் பிறந்த ஆற்றல் நெருக்கமான வாயுவில் முட்டி மோதி வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மேலடுக்கில், உலையில் நீர் கொதிப்பதுபோல், சூடான வாயு மேலே வர, ஆறியது கீழே இறங்குகிறது. அதற்கும் மேலேதான் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிப்பரப்பு. வெப்பம் சுமார் 5,500 டிகிரி. அங்கிருந்து புறப்படும் ஒளி 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து, 8 நிமிடம் 20 நொடியில் நம் வாசலில் விழுகிறது. இன்று துணி உலர்த்திய வெயில், நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கு வெகு முன்பே உருவான ஆற்றல்!

அந்த ஒளியை நேருக்கு நேர் பார்க்கக் கண் தாங்காது. கிரகண நாளில்தான் ஆபத்து அதிகம். 2019 டிசம்பர் 26 அன்று நிலா கதிரவனின் நடுவை மறைத்தது. சிங்கப்பூரிலும் ஜொகூர் தஞ்சோங் பியாயிலும் அவன் ஒளி வளையமாகத் தெரிந்தான். 2031 மே 21 அன்றும் மலேசியாவின் சில பகுதிகளில் அவ்வாறு தெரியும். வளையம் மட்டுமே எஞ்சினாலும் அதுவும் அதே 5,500 டிகிரிப் பரப்புதான். வெளிச்சம் மங்கியிருப்பதால் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள். விழித்திரைக்கோ வலி தெரியாது. அது வெந்த பிறகுதான் பார்வையில் கறுப்புத் திட்டு தோன்றும். சிலருக்கு அது கடைசிவரை மாறாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படம், தாம்பாளத்து மஞ்சள் நீர் எதுவும் இதற்குக் காப்பாகாது.

அப்படியானால் கிரகணத்தைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், தலையைக் குனிந்து! மரத்தடியில், இலை இடுக்கு வழியாகத் தரையில் விழும் வட்ட வட்டமான வெளிச்சங்கள் கதிரவனின் படங்களே. கிரகணத்தன்று அவை பிறைகளாகிவிடும். அட்டையில் ஊசித்துளையிட்டு, கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத்தாளில் ஒளியை விழச் செய்தாலும் அதே காட்சி கிடைக்கும். பெற்றோர்களே, கிரகணம் என்று கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே அடைக்க வேண்டாம். மரத்தடிக்கு அழைத்துப்போய்த் தரையைக் காட்டுங்கள்.