கலைக்களஞ்சியத்தில் இடம்பெறுவனவும் விடுபடுவனவும்

மனிதர் அறிந்தவற்றைத் திரட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டுரை என்ற முறையில் விளக்கும் நூலே கலைக்களஞ்சியம் எனப்படுகிறது. அதில் எவை இடம்பெறத் தக்கவை என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடையைத் தந்து வந்துள்ளது. அச்சு நூல்களின் காலத்தில் தாளின் விலையும், தொகுதிகளின் எண்ணிக்கையும், பதிப்பாசிரியர் குழுவின் தேர்வும் அந்த விடையைத் தீர்மானித்தன. இணையக் கலைக்களஞ்சியத்தில் தாள் என்ற வரம்பு நீங்கிவிட்டதால், கருந்துளையும் கரகாட்டமும், ரோமப் பேரரசும் ரயில் நிலையங்களும், நோய்க்கிருமிகளும் திரைப்படப் பாடகர்களும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். இந்தப் பரப்பைக் காண்பவர்களுக்கு அங்கே எல்லாமே இருக்கின்றன என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் இங்கும் விதிகளும், எழுதுவோரின் நாட்டமும், சான்று நூல்களின் இருப்பும் புதிய எல்லைகளை வகுக்கின்றன. அவற்றை அறிந்துகொண்டால்தான் இந்தப் பன்மை எவ்வாறு உருவாகிறது என்பதும், எங்கே குறைகிறது என்பதும் விளங்கும்.

உலகத்துப் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தித் தொகுக்கும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு பெயருக்குரிய பல பொருள்களையும் மனப்பாடத்துக்கு ஏற்ற செய்யுள் வடிவில் தொகுத்துத் தரும் நூல்கள் நிகண்டு எனப்பட்டன. இன்று கிடைப்பவற்றுள் பழமையானதாகக் கருதப்படும் திவாகரம், தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள் என்று தொடங்கி, செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்பன வரை சென்று பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளது. இதன் நோக்கம் சொல்லை விளக்குவதே ஆயினும், தொகுதிகளின் வரிசையைப் பார்த்தால் அது உலகைப் பகுத்துக் காணும் ஒரு திட்டமாகவும் இருப்பது தெரியும். சொல் விளக்கத்திலிருந்து பொருள் விளக்கத்துக்கு நகரும் மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. 1902-இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசமும், 1910-இல் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவுடன் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் வெளிவந்தன. புராணப் பாத்திரங்கள், அரசர்கள், புலவர்கள், சமயக் கோட்பாடுகள் ஆகியவற்றை அகர வரிசையில் விளக்கிய இந்நூல்கள் பெரும்பாலும் தனி மனிதர்களின் உழைப்பால் உருவானவை என்பதை நினைக்கும்போது, அந்த உழைப்பின் அளவு வியப்பைத் தருகிறது.

எவை அறிவு எனத் தக்கவை என்ற கேள்விக்கு மிகத் துணிவான விடை பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் கிடைத்தது. தெனி திதரோவும் கணிதவியலாளர் தாலம்பேரும் பதிப்பாசிரியர்களாக இருந்து 1751-இல் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம், 17 உரைத் தொகுதிகளும் 11 படத் தொகுதிகளுமாக 1772-இல் நிறைவெய்தியது. அதில் ஏறத்தாழ 72,000 பதிவுகள் இருந்தன. இறையியலும் மெய்யியலும் இலக்கியமும் மட்டுமே கற்றோர்க்கு உரியவை எனக் கருதப்பட்ட அச்சூழலில், திதரோ தொழிற்கூடங்களின் அறிவுக்கு அவற்றோடு சமமான இடம் அளித்தார். கத்தி செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகனான அவர், தொழிலாளர்களின் பட்டறைகளை அணுகி, அவர்கள் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் வேலையின் படிமுறைகளையும் கேட்டறிந்து எழுதச் செய்தார். காலுறை பின்னும் எந்திரத்தைப் பற்றி அவரே நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். குண்டூசி ஒன்று உருவாக எத்தனை கைகள் மாற வேண்டும் என்பதைக்கூட அந்நூல் கட்டுரையாலும் செதுக்குப் படங்களாலும் விளக்கியது. வாய்மொழியாக ஆசானிடமிருந்து மாணவனுக்குச் சென்றுகொண்டிருந்த ஓர் அறிவு எழுத்துக்கும் படத்துக்கும் வந்தது என்பதே இதன் சிறப்பு. அரசியல், சமயக் கருத்துகளால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1759-இல் அரச உரிமம் பறிக்கப்பட்ட பின்னரும் பணி நிற்கவில்லை. தாலம்பேர் விலகிக்கொண்ட நிலையில், ழோக்கூர் என்ற அறிஞர் தனியொருவராக ஏறத்தாழ 17,000 பதிவுகளை எழுதிக் கொடுத்தார்.

தமிழில் இத்தகைய நிறுவன முயற்சி விடுதலைக்குப் பின் கைகூடியது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் தலைமையில் இயங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இயற்பியல், வேதியியல், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளைத் தமிழில் முழுமையாக எழுத முடியும் என்பதை அது நிலைநாட்டியது. பல துறைகளுக்குக் கலைச்சொற்களை உருவாக்கிக்கொண்டே கட்டுரைகளையும் எழுத வேண்டிய இரட்டைச் சுமை அதன் ஆசிரியர்கள் மேல் இருந்தது. எனினும் அச்சுக் களஞ்சியத்துக்கு இயல்பான ஒரு தடை அதற்கும் உண்டு. முதல் தொகுதிக்கும் இறுதித் தொகுதிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கடந்தன. அந்த இடைவெளியில்தான் முதல் செயற்கைக்கோள் விண்ணேறியது, மனிதன் விண்வெளிக்குச் சென்றான், முந்தைய தொகுதிகளோ அச்சேறிய நிலையிலேயே நின்றன.

இந்தத் தடையை நீக்கியது 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியா. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் தொடங்கியிருந்த நூபீடியா என்ற களஞ்சியத்தில் துறை வல்லுநர்கள் எழுதி, பல கட்ட ஆய்வுக்குப் பிறகே கட்டுரை வெளியாகும் என்ற ஏற்பாடு இருந்ததால், பணி மிக மெதுவாகவே நகர்ந்தது. வார்டு கன்னிங்காம் 1995-இல் உருவாக்கியிருந்த விக்கி என்ற மென்பொருள் முறையோ, வாசகர் எவரும் பக்கத்தைத் திறந்து திருத்தவும், ஒவ்வொரு திருத்தமும் பதிவாகவும், பிழையான திருத்தத்தை உடனே நீக்கவும் வழிசெய்தது. இந்த முறையைக் கலைக்களஞ்சியத்துக்குப் பொருத்தியதும் வளர்ச்சியின் வேகமே மாறிவிட்டது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் விக்கிப்பீடியா உள்ளது. ஆங்கிலப் பதிப்பு 2025-இல் எழுபது இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டி, இப்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேல் சென்றுள்ளது.

இத்தனை பொருள்களையும் ஒழுங்குபடுத்துவதற்கு அகர வரிசை போதாது. அச்சு நூலில் ஒரு கட்டுரை ஓரிடத்தில் மட்டுமே நிற்க முடியும். இணையத்தில் அது ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு உரியதாகிறது. பனையை எடுத்துக்கொண்டால், அது தாவரவியலில் ஒரு மரம், தமிழ்நாட்டின் மாநில மரம், ஓலைச்சுவடி மரபின் மூலப்பொருள், பதநீர், கருப்பட்டி, யாழ்ப்பாணத்து ஒடியல், பினாட்டு ஆகிய உணவுகளின் ஊற்று, பனையேறும் தொழிலாளர்களின் வாழ்வாதாரம். கட்டுரையின் அடியில் இடப்படும் பகுப்புகள், அதாவது ஒத்த பொருள்களைத் திரட்டும் தலைப்புகள், இத்தகைய பல உறவுகளையும் ஒருங்கே காட்டவல்லவை. உள்ளிணைப்புகள் வாசகரைத் தாவரவியலிலிருந்து சுவடியியலுக்கும் அங்கிருந்து உ. வே. சாமிநாதையருக்கும் அழைத்துச் செல்கின்றன. ஒரே பெயர் பல பொருள்களைக் குறிக்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்ட ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்ற தனிப்பக்கம் அமைக்கப்படுகிறது. திவாகரத்தின் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதாகவே தோன்றும்.

எனினும் எதையும் எழுதலாம் என்பதில்லை. ஒரு பொருளைத் தனிக்கட்டுரையாக எழுத, அதைப் பற்றி அதனோடு தொடர்பற்ற நம்பகமான வெளியீடுகள் போதிய அளவு எழுதியிருக்க வேண்டும். இதுவே குறிப்பிடத்தக்கமை எனப்படுகிறது. கட்டுரையில் சொல்லப்படும் செய்தி ஒவ்வொன்றையும் வாசகர் ஒரு சான்றில் சரிபார்க்க இயல வேண்டும் என்பது மெய்யறிதன்மை. எழுதுபவரின் சொந்த ஆய்வு முடிவுகளுக்கு அங்கே இடமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற திறந்த அமைப்பைத் தாங்கி நிற்பவை இந்த விதிகளே. வல்லுநரின் பெயர் தரும் உறுதிக்கு ஈடாகச் சான்று நூலின் உறுதி வைக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை மறக்கலாகாது: அச்சில் எவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளதோ அவையே களஞ்சியத்திலும் நிறைந்திருக்கும்.

இந்த விளைவின் கூர்மையை 2018-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று உலகுக்குக் காட்டியது. மிக வலிமையான, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை உருவாக்கும் முறைக்காகக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு அவ்வாண்டு அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரை இருக்கவில்லை. இயற்பியலுக்காக இப்பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். சில மாதங்களுக்கு முன் அவரைப் பற்றி எழுதப்பட்ட வரைவு, காட்டப்பட்ட சான்றுகள் குறிப்பிடத்தக்கமையை நிறுவவில்லை என்ற காரணத்தால் ஏற்கப்படாமல் போயிருந்தது. அதே ஆய்வுக்காக அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூரூவுக்கோ முன்னரே கட்டுரை இருந்தது. ஆங்கிலப் பதிப்பின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களைப் பற்றியவை ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் உள்ளன. செய்தித்தாள்களும் நூல்களும் பெண்களைப் பற்றிக் குறைவாக எழுதி வந்ததன் சுவடும், எழுதும் தன்னார்வலர்களில் ஆண்களே மிகுதி என்ற நிலையும் இக்குறையில் ஒருங்கே தெரிகின்றன.

எழுதுவோரின் நாட்டம் களஞ்சியத்தின் வடிவத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்குத் தமிழ்ப் பதிப்பே நல்ல சான்று. அதன் தொடக்க ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் பணியாற்றிக்கொண்டே நாள்தோறும் எழுதி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. பின்னர் ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் சேரச்சேரத் துறைகள் பெருகின. ஒரு வேதியியல் ஆசிரியர் ஈடுபாட்டுடன் எழுதினால் சேர்மங்களைப் பற்றிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வளரும். அவர் ஓய்ந்தால் அத்துறையும் ஓயும். பணிகளைப் பற்றிக் கலந்துரையாட அவர்களுக்கு ‘ஆலமரத்தடி’ என்ற பொதுப்பக்கமும், எழுதிப் பழகப் புதியவர்களுக்கு ‘மணல்தொட்டி’யும் உள்ளன.

தானியங்கி எனப்படும் நிரல்கள் எழுதும் கட்டுரைகள் வேறொரு வகை. அமெரிக்கக் குடிக்கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு அந்நாட்டு ஊர்களைப் பற்றி ஏறத்தாழ 30,000 கட்டுரைகளை 2002-இலேயே ஒரு நிரல் ஆங்கில விக்கிப்பீடியாவில் உருவாக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவானோ மொழிப் பதிப்பு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் ஆங்கிலத்துக்கு அடுத்த நிலையில் நிற்பதற்குக் காரணம், உயிரினங்களையும் புவியியல் இடங்களையும் பற்றிய சிறு கட்டுரைகளைச் சுவீடன் நாட்டவர் ஒருவரின் நிரல் பெருமளவில் உருவாக்கியதே. எண்ணிக்கையை அறிவின் அளவாகக் கொள்வது எத்துணைத் தவறு என்பதை இது உணர்த்துகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றியும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் தானியங்கியின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றப்பட்டுள்ளன. மக்கள்தொகை, சட்டமன்றத் தொகுதி, குடிநீர் இணைப்பு, சிற்றூர்களின் பட்டியல் ஆகியவை அவற்றில் உள்ளன. ஊரின் பெயர் வந்த வரலாறு, குலதெய்வம், கண்மாய், கூத்து, அங்கே விளையும் நெல்லின் வகை ஆகியவற்றை ஊராரே எழுத வேண்டும். அவ்வாறு எழுத முன்வருவோரிடமும் சான்று எங்கே என்ற கேள்வி எழுகிறது.

தமிழ்ப் பொருள்களைப் பொறுத்தவரை முதன்மையான இடர் இதுவே. திரைப்படங்கள், அரசியல் தலைவர்கள், பெருங்கோயில்கள் ஆகியவற்றுக்குச் சான்றுகள் ஏராளம். கட்டுமரக்காரர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்கள், தறியின் உறுப்புகள், நாட்டு மருத்துவச்சியின் கைமுறை, ஒரு வட்டாரத்தின் ஒப்பாரி மெட்டுகள் ஆகியவை பெரும்பாலும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இருப்பவையும் சிற்றிதழ்களிலும் ஆய்வேடுகளிலும் முடங்கியுள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டறைகளை நோக்கி ஆள்களை அனுப்பித் திதரோ செய்த பணியை, விக்கிப்பீடியாவின் விதிகளின்படி வேறு யாரேனும் முதலில் செய்து அச்சிலோ இணைய இதழிலோ வெளியிட்டாக வேண்டும்.

ஆகவே, களஞ்சியத்தின் பரப்பை விரிக்கும் பணியின் பெரும்பகுதி இன்று களஞ்சியத்துக்கு வெளியே நடைபெறுகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் பலவற்றைத் தட்டச்சாக மாற்றிப் பிழை திருத்தும் வேலை விக்கிமூலம் என்ற உடன்பிறப்புத் திட்டத்தில் தன்னார்வலர்களால் தொடர்கிறது. இலங்கையில், 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த இழப்புக்குப் பின், எஞ்சிய எழுத்துகளையேனும் காக்கும் தேவை ஆழமாக உணரப்பட்டது. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற மின்னூலகத் திட்டம், ஈழத்து நூல்கள், நாளிதழ்கள், சிற்றிதழ்கள் ஆகியவற்றோடு பாடசாலை ஆண்டு மலர்களையும், கோயில் குடமுழுக்கு மலர்களையும், இறந்தோர் நினைவாக அவர்தம் குடும்பத்தார் அச்சிடும் நினைவு மலர்களையும் மின்வருடிச் சேர்த்து வைக்கிறது. உறவினர் வட்டத்துக்கென்று அச்சிடப்பட்ட அச்சிறு வெளியீடுகளில் ஊரின் வரலாறும், வாசகசாலை தொடங்கப்பட்ட ஆண்டும், கூத்துப் பயிற்றும் அண்ணாவியார்களின் பெயர்களும், அவர்கள் ஆடிய கூத்துகளின் பட்டியலும் கிடைக்கின்றன. நினைவு மலர்களில் உறவினர் எழுதியவற்றை மட்டும் கொண்டு ஒரு கட்டுரைக்குரிய குறிப்பிடத்தக்கமையை நிறுவ இயலாது எனினும், பிற ஆய்வுகளோடு சேர்த்து நோக்கும்போது ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்க்க அவை உதவுகின்றன. வட்டார வரலாற்றை எழுதும் ஆய்வாளர்களுக்கு அவை மூலங்களாகின்றன, அந்த ஆய்வுகள் வெளிவரும்போது விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் மேற்கோள் காட்டத் தக்க சான்றுகள் பெருகுகின்றன.