பழைய லாரி எஞ்சின்களின் ஆயில் பில்டர்

ஆயில் பில்டர் அல்லது எண்ணெய் வடிகட்டி என்பது எஞ்சின் ஆயிலில் சேரும் உலோகத் துகள்கள், தூசி, கரி ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் பாகமாகும். 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் ஆகியோர் உருவாக்கிய பில்டர், பியூரோலேட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

துணைவழி பில்டர்

1940களின் செவர்லே லாரிகளில் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்கு ஆயில் பில்டர் விருப்பத் துணைப்பாகமாகவே கிடைத்தது. இவ்வகையில், பம்ப் அனுப்பும் ஆயிலில் சுமார் 10 விழுக்காடு மட்டுமே பில்டர் வழியாகச் சென்று சம்ப்புக்குத் திரும்பும். எஞ்சியது வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குச் செல்லும். பில்டர் இணைப்பில் உள்ள நுண்துளை ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் ஆயில் அழுத்தம் குறையும்.

பில்டர் அடைத்துக்கொண்டாலும் எஞ்சினுக்கு ஆயில் கிடைக்கும். வடிகட்டல் மட்டும் நின்றுவிடும். எஞ்சின் நன்கு சூடான பிறகும் பில்டர் குடுவை குளிர்ந்திருந்தால் அடைப்பு உள்ளது எனலாம்.

முழுவழி பில்டர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான இம்முறையில் ஆயில் முழுவதும் வடிகட்டப்பட்டே பேரிங்குகளை அடைகிறது. பில்டர் அடைபட்டால் ஒரு வால்வு திறந்து, ஆயிலை வடிகட்டாமல் அனுப்பும்.

ஆயில் தேர்வு

டிடர்ஜென்ட் கலந்த ஆயில் அழுக்கைத் தன்னுள் மிதக்கவிடும். கலக்காத ஆயிலில் அது சம்ப்பின் அடியில் படியும். பல ஆண்டுக் கசடு படிந்த எஞ்சினில் திடீரென டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், கசடு பெயர்ந்து ஆயில் வழிகளை அடைக்கலாம். பேரிங்குகள் ஆயிலின்றித் தேய்ந்து எஞ்சினே பழுதாகக்கூடும். எனவே சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்த பின்னரே ஆயிலை மாற்றுவது நல்லது.