புது மோட்டார் வாங்கும்போது விலை பேசுதல்

திருப்பதியில் அலிபிரி அடிவாரத்தில் காலை வேளையில் சற்று நேரம் நிற்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். புத்தம் புதிய மோட்டார் கார் ஒன்று வந்து நிற்கும். அதற்கு மாலை சூட்டிக் கற்பூரம் காட்டுவர்; சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவர். பின்னர்க் குடும்பம் முழுவதும் அதில் ஏறிக்கொண்டு திருமலையை நோக்கிப் புறப்படும். சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்து விநாயகர் கோயிலிலும் இதே காட்சியைக் காணலாம். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவு இதுவேயாதலின், அம்மகிழ்ச்சி இயல்பானதே.

ஆனால் அவ்வேளையில், “வண்டி எவ்வளவு ஆயிற்று?” என்று உறவினர் ஒருவர் கேட்டால், வாங்கியவர் ஒரு மொத்தத் தொகையைச் சொல்வார். அத்தொகையில் வண்டியின் விலை எவ்வளவு, வரி எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு, காரணம் தெரியாமல் சேர்ந்தது எவ்வளவு என்று மேலும் கேட்டால், பலருக்கு விடை தெரியாது. தெரியாத பகுதியில்தான் பணம் கரைகிறது. ஆகவே, புதுக் கார் வாங்கும்போது எதில் பேரம் பேசலாம், எதில் பேசிப் பயனில்லை என்பதை இங்கே ஆராய்வோம்.

நம்மவர்களுக்குப் பேரம் புதிதன்று. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலையைச் சொல்லி முடிப்பதைக் கண்டிருக்கிறோம். மாம்பழக் கூடைக்கும் பட்டுச் சேலைக்கும் அரைமணி நேரம் விலை பேசத் தயங்காத மக்கள், மோட்டார் என்றதும் வாய் அடைத்துப் போவதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் கார் என்பது விலை பேசி வாங்கும் பொருளாக இருக்கவில்லை. காத்திருந்து பெறும் பொருளாகவே இருந்தது. கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தி மத்திய அரசாங்கம் 1959 ஆம் ஆண்டில் உத்தரவு பிறப்பித்தது. கல்கத்தாவை அடுத்து உருவான அம்பாஸடரும், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வேண்டுவோர் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்தனர். 1983 டிசம்பர் 14 ஆம் தேதி முதல் மாருதி கார் ஏறத்தாழ 47,500 ரூபாய் விலையில் வெளிவந்தபோதும் வரிசை குறையவில்லை. வண்டி கிடைப்பதே பேறாக இருந்த காலத்தில் விலையைப் பற்றி யார் வாய் திறப்பார்?

1993 ஆம் ஆண்டில் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் முறை நீங்கியது. 1998 இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை காரை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2016 இல் ஸ்ரீ சிட்டியில் இசுஸு தொழிற்சாலை திறக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரை, வாங்குபவர் விற்பவரைத் தேடிய நிலை மாறி, விற்பவர் வாங்குபவரைத் தேடும் நிலை வந்துவிட்டது. காலம் மாறியும் நம் மனம் மாறவில்லை. விற்பனை நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும், தருவதை வாங்கிக்கொள்ளும் பழைய பணிவு நமக்கு வந்துவிடுகிறது.

முதலில் அறிய வேண்டியது, காரின் விலை ஒரே எண் அன்று என்பதே. வண்டி நம் வாசலுக்கு வந்து சேரும்போது ஆகும் முழுத் தொகையை ‘ஆன் ரோடு’ விலை என்கின்றனர். அதில் சட்டம் விதிப்பனவும், விற்பவர் விதிப்பனவும் கலந்திருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்து எழுதித் தரும்படி கேட்பதே பேரத்தின் முதற்படி.

சட்டம் விதிப்பவற்றில் முதன்மையானது ஜி.எஸ்.டி. வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடைய பெட்ரோல் காருக்கு இவ்வரி 18 சதவிகிதம். அதே நீளத்தில் 1500 சி.சி. வரையுள்ள டீசல் காருக்கும் அவ்வளவே. இவற்றினும் பெரிய கார்களுக்கு 40 சதவிகிதம். மின்சாரக் காருக்கு 5 சதவிகிதம். அதற்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு, 1 சதவிகித மேல்வரியும் சேர்த்து 29 சதவிகிதம் வரி இருந்தது. வரி நீங்கலாக ஐந்து லட்ச ரூபாய் விலையுள்ள கார் முன்பு 6,45,000 ரூபாய் ஆயிற்று என்றால், அதே கார் பின்னர் 5,90,000 ரூபாய் ஆக வேண்டும். இடையிலுள்ள 55,000 ரூபாய் அரசாங்கம் குறைத்த வரி. விற்பவர் தந்த சலுகை அன்று. இக்கணக்கை அறிந்தவரிடம் வரிக் குறைப்பைத் தள்ளுபடி என்று பெயர் மாற்றிக் காட்ட இயலாது.

இரண்டாவது, மாநில அரசாங்கத்தின் ஆயுள் வரி. ஆந்திரப் பிரதேசத்தில் காரின் விலை உயர உயர இதன் விகிதமும் படிப்படியாக உயரும். மூன்றாவது, பதிவுக் கட்டணம். நான்காவது, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்கான கட்டாயக் காப்பு. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையை ஒட்டி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு இக்காப்பை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். இதன் கட்டணமும் அரசாங்கம் நிர்ணயிப்பதே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்று ஆண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 10,640 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள காருக்கு 1 சதவிகிதம் வருமான வரிக் கணக்கில் பிடிக்கப்படும். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். இவற்றில் பேரம் பேசிப் பயனில்லை. எழுதப்பட்ட தொகை சரியானதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எஞ்சியவை அனைத்தும் பேச்சுக்கு உரியவை. ‘ஹேண்ட்லிங்’ கட்டணம் என்று சில ஆயிரம் ரூபாய் எழுதியிருக்கலாம். அது வரியும் அன்று, பதிவுக் கட்டணமும் அன்று. “இது எந்த விதியின்படி?” என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் நீங்கிவிடும். இருக்கை உறை, கால்மிதி, பூச்சுப் பாதுகாப்பு முதலியவற்றின் விலையை வெளிக்கடை விலையோடு ஒப்பிட வேண்டும். வேண்டாதவற்றை வேண்டாம் என்று சொல்லக் கூசலாகாது.

தள்ளுபடியைப் பெறும் முறையிலும் கவனம் வேண்டும். 20,000 ரூபாய் மதிப்புள்ள உதிரிப் பொருள்களை இலவசமாகத் தருவதாகச் சொல்வர். அம்மதிப்பு அவர்களே எழுதிய மதிப்பு. அதற்குப் பதிலாக, வரிக்கு முந்திய விலையிலேயே 20,000 ரூபாயைப் பில்லில் குறைக்கச் சொன்னால், 18 சதவிகித வரியில் 3,600 ரூபாயும் உடன் குறைந்து, 23,600 ரூபாய் மிச்சமாகும்.

நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸை விற்பனை நிலையத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஒரே ஈட்டு மதிப்பைச் சொல்லி, வெளியே இரண்டு மூன்று கம்பெனிகளிடம் கட்டணம் கேட்டு ஒப்பிடலாம். இதில் நான் இழந்ததைச் சொல்வது பிறருக்கு உதவும். என் பழைய காருக்கு ஐந்து ஆண்டுகள் ஈட்டுத்தொகை எதுவும் கேளாததால், சேதக் காப்புக் கட்டணத்தில் 50 சதவிகிதம் கழிவு பெறும் உரிமை எனக்கு இருந்தது. அவ்வுரிமை வண்டியோடு போவதன்று, உரிமையாளரோடு வருவது. பழைய காரை விற்றதும் அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்கிப் புதுக் காருக்குப் பயன்படுத்தியிருக்கலாம். விற்பனை நிலையத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, மறு ஆண்டுதான் விஷயத்தை அறிந்தேன்.

இனிக் கடன். “தங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும், ஐயா?” என்பது விற்பனைப் பிரதிநிதி கேட்கும் முதற் கேள்வி. இதற்கு விடை சொன்னால் பேரம் முடிந்துவிட்டது எனலாம். ஏனெனில், தவணை மாதங்களைக் கூட்டி எந்த விலையையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். முதலில் வண்டியின் விலையை முடிக்க வேண்டும். கடனைப் பின்னர்த் தனியே பேச வேண்டும். வட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கு 7 சதவிகித ‘பிளாட்’ வட்டி என்றால், ஐந்தாண்டு வட்டி 1,75,000 ரூபாய். மாதத் தவணை 11,250 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துவரும் முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 12½ சதவிகித வட்டிக்குச் சமம். வேறொரு பாங்கு குறையும் அசலில் 10 சதவிகிதம் கேட்டால், எண் பெரிதாகத் தோன்றினும் வட்டி குறைவே. ரிசர்வ் பாங்கு விதியின்படி, 2024 அக்டோபர் முதல் இத்தகைய கடன்களுக்கு எல்லாச் செலவுகளையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் விவரத்தாளைத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே இசைய வேண்டும். பழைய வண்டியை மாற்றுவதாயின், அதன் விலையையும் வெளியே விசாரித்துத் தனியே பேசுவதே நலம். ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்ள இடம் தரலாகாது.

சித்தூர், திருப்பதிப் பகுதியில் வாழ்வோருக்கு ஒரு வசதி உண்டு. ஒரே காருக்குத் திருப்பதியிலும் சித்தூரிலும் விலை கேட்கலாம்; எல்லை தாண்டி வேலூரிலும் சென்னையிலும் கேட்கலாம். ஜி.எஸ்.டி. எங்கும் ஒன்றே. ஆயுள் வரியோ வண்டியைப் பதிவு செய்யும் மாநிலத்துக்கு உரியது. ஆந்திரத்தில் வசிப்பவர் சென்னையில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு வந்து ஆந்திரத்திலேயே அதைக் கட்ட வேண்டும். ஆகவே ஊருக்கு ஊர் உண்மையில் வேறுபடுவது விற்பவரின் தள்ளுபடியே. அதை வாய்மொழியாக அன்றி எழுத்தில் பெற்றால், ஓரிடத்துத் தாள் மற்றோரிடத்தில் நமக்காகப் பேசும்.

காலமும் கருதத்தக்கது. உகாதி, ஆயுத பூஜை, தீபாவளிக் காலங்களில் நல்ல நாளுக்கே வண்டி வேண்டும் என்று மக்கள் நெருக்குவதால், விற்பவருக்கு விலையை இறக்கும் தேவை குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வாங்கத் தயங்குவர். அப்போது பேச இடம் உண்டு. ஆடியில் விலை பேசி முடித்துவிட்டு, ஆவணியில் நாள் பார்த்து வண்டியை எடுப்போரும் உளர். டிசம்பரில் சலுகை மிகும். ஆனால் ஜனவரி பிறந்ததும் அவ்வண்டி கணக்கில் ஓராண்டு பழையதாகிவிடும். விற்பனைச் சான்றிதழான 21 ஆம் எண் படிவத்தில், வண்டி உருவான மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன் இவ்விவரத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

பேசும் முறையைப் பற்றி ஒரு சொல். விற்பனைப் பிரதிநிதி நம் பகைவர் அல்லர். மாத இலக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு பிழைக்கும் மனிதர். குரலை உயர்த்துவதால் விலை இறங்காது. தாளை முன்னே வைத்து வரி வரியாகக் கேட்டு, ஒத்துவராவிடில், “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து வரும் துணிவே போதும். பெரும்பாலும் மறுநாளே அவரிடமிருந்து டெலிபோன் வரும்.

இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறோம். ஆனால் கையெழுத்திடும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கே அதன் சிறு எழுத்துகளை இருமுறை படிக்க வேண்டியிருந்தது. முன்பணம் எப்போது திருப்பித் தரப்படும், வண்டி வருமுன் விலை ஏறினால் யார் பொறுப்பு என்னும் இரண்டையும் படித்தவர் ஒருவரைக் கொண்டு தெளிந்துகொள்ளாமல் ஒப்பமிடலாகாது. தவறு நேர்ந்தால் வழியும் உண்டு. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 1915 என்னும் எண்ணில் டெலிபோன் மூலமும் ஆலோசனை பெறலாம். எந்த முறையீட்டுக்கும் சான்றாக நிற்பது கையிலுள்ள எழுத்தே.

காணிப்பாக்கத்து விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்யச் சித்தூர்ச் சீமையில் எவரும் அஞ்சுவர். வழக்குகளை அச்சந்நிதியில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் விற்பவரை அங்கே அழைத்துச் செல்ல இயலாது. ஆயினும், சொன்னதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்க எவராலும் இயலும். அவ்வாறு பெற்ற தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வண்டிக்கு மாலையிடச் செல்வோமாக.