குடிசைக்கு மட்டும் குறை வெளிச்சமா?

பீகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னை என்றொரு சிற்றூர். பாட்னாவிலிருந்து கயாவுக்குச் செல்லும் பாதையோரத்து ஊர். ரயில் ஓடுகிறது ஊரையொட்டி. நெடுஞ்சாலை போகிறது பக்கத்திலே. மின்சாரம் மட்டும் ஊருக்குள் வரவில்லை. ஓராண்டல்ல, ஈராண்டல்ல, 30 ஆண்டுகளுக்கும் மேலாக!

2014 ஜூலையில் அங்கே விளக்கெரிந்தது. கிரீன்பீஸ் நிறுவனம் வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து, சுமார் 3 கோடி ரூபாய்ச் செலவில், 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. பகலெல்லாம் தகடுகள் வெயிலை வாங்கும். பாட்டரிகள் சேமித்து வைக்கும். இரவில் ஊருக்குள் இழுத்த கம்பி வழியே சுமார் 450 வீடுகளுக்கும், கடைகளுக்கும், தெருவிளக்குகளுக்கும் அது போய்ச் சேரும். ஊரிலேயே விளைந்து ஊரிலேயே செலவாகும் இந்த ஏற்பாட்டைத்தான் சிறு மின்தொகுப்பு என்கிறார்கள்.

ஊர் மகிழ்ந்ததா? மகிழ்ந்தது. ஆனால் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த நிதீஷ்குமார் அதைக் காண வந்தபோது, ஊரார் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? எங்களுக்குப் போலி மின்சாரம் வேண்டாம், உண்மையான மின்சாரம் வேண்டும் என்பதே!

நன்றி கெட்டவர்கள் என்று நகரத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நாம் கேட்கிறோம்: அந்த ஏழை போட்ட கணக்கில் தவறென்ன? விளக்கு எரியலாம், விசிறி சுழலலாம். ஆனால் குளிர்பெட்டி வைக்கக்கூடாது, அதிக மின்சாரம் இழுக்கும் எதையும் மாட்டக்கூடாது. விலையோ, அரசு மின்சாரத்தைவிட அதிகம். பட்டணத்து மாளிகைக்கு மலிவாக எவ்வளவும் உண்டு. குடிசைக்கு மட்டும் அளந்து கொடுத்த வெளிச்சம், அதுவும் கூடுதல் விலைக்கு! இதைக் கேள்வி கேட்பதா குற்றம்?

கோரிக்கை பலித்தது. அரசின் கம்பி விரைவிலேயே ஊருக்குள் வந்தது. மலிவானதை நோக்கி மக்கள் போனார்கள். சில ஆண்டுகளில் பாட்டரிகள் செத்தன. மாற்றி வைக்கப் பணமில்லை, பொறுப்பேற்க ஆளுமில்லை. யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்கு வழி வைக்கவில்லை! 2021-இல் போய்ப் பார்த்தவர்கள் கண்டது, அந்த மின்நிலையத்தில் மாடுகள் கட்டப்பட்டிருந்த காட்சியைத்தான்.

சூரிய மின்சாரமே வீண் என்று சிலர் இதைக் காட்டிப் பேசுகிறார்கள். தோற்றது சூரியனல்ல தோழர்களே, தோற்றது ஏற்பாடு! கம்பி எளிதில் எட்டாத தீவிலும் காட்டிலும் மலையிலும் இதுவே கைகொடுக்கும். சுந்தரவனத்துச் சாகர் தீவில் 1996 முதலே மேற்கு வங்க அரசின் நிறுவனம் இத்தகைய நிலையங்களை அமைத்தது.

ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும்? பணக்கார நாடான அமெரிக்காவைப் பாருங்கள். 1935-இல் அங்கே பத்துப் பண்ணைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் மின்சாரம். வீட்டுக்கு வீடு தூரம், கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்தன. ரூஸ்வெல்ட் அரசு அதே ஆண்டில் கிராம மின்மயத்துக்கென ஒரு நிர்வாகத்தையே அமைத்து, 1936-இல் சட்டமும் இயற்றியது. குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன். வாங்கியவர்களில் பெரும்பாலோர் உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள். கம்பியும் அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. 1950-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பண்ணைகளில் விளக்கெரிந்தது. முதலாளி கைவிட்ட இடத்தில் மக்கள் பணம் நின்றது. மக்களே காவல் நின்றார்கள்.

நம்மூரிலும் சான்றுண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஊராட்சிக்கு வராத வல்லமையா?

ஆகவே, சிறு மின்தொகுப்புக்குப் பொதுப்பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் திறப்பு விழாவோடு அந்தப் பணம் தீர்ந்துவிடக்கூடாது. தட்டுக்கூலி வாங்கும் தொழிலாளி கொடுக்கும் தீப்பெட்டி வரியும் அதில் கலந்திருக்கிறது! உங்கள் ஊருக்கு இப்படியொரு திட்டம் வந்தால், மேடையில் மாலை விழுமுன் எழுந்து நின்று கேளுங்கள்:

நகரத்தான் கொடுக்கும் விலைதானே எங்களுக்கும்? பாட்டரி செத்தால் மாற்ற நிதி ஒதுக்கியாயிற்றா? பழுது பார்க்க எங்கள் பிள்ளைக்குப் பயிற்சியும் சம்பளமும் உண்டா? நிலையம் யாருக்குச் சொந்தம், ஊருக்கா கம்பெனிக்கா? நாளை அரசின் கம்பி வந்தால் இது அதோடு இணையுமா, அழியுமா? உத்தரப் பிரதேசம் 2016-இல் வகுத்த கொள்கையில் இந்தக் கடைசிக் கேள்விக்கு வழி வைத்தது. மற்ற இடங்களில் ஏன் முடியாது?

விடை கிடைத்தால் கைதட்டுங்கள். கிடைக்காவிட்டால், தர்னையின் மாட்டுக் கொட்டிலை நினைவூட்டுங்கள். ஏழை கேட்பது பிச்சை வெளிச்சமல்ல. ஊரெல்லாம் எரியும் அதே விளக்கு!