டிரைவர் இருக்கும்வரை கார்டு

பழைய சர்வர்களைப் பிரித்து விற்கும் கடையில் அந்தக் கார்டைக் கையில் வாங்கியபோது முதலில் தெரிந்தது அதன் கனம். உள்ளங்கை அகலத்துக்கு அலுமினிய ஹீட்சிங்க், அதன் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் கருப்பு ஃபிளாஷ் சிப்புகள், பின்தகட்டில் பொட்டுப் பொட்டாக விளக்குகள், ஸ்டிக்கரில் 1.2 டி.பி. என்ற எழுத்து. "சார், இது ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது. சிஸ்டத்துல சொருகிப் பார்த்தேன், டிஸ்க்கே காட்டல. எடைக்குப் போட வேண்டியதுதான்" என்றார் கடைக்காரர். "டிரைவர் போட்டாத்தாண்ணே காட்டும்" என்று சொல்லி, கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அது ஐஓடிரைவ்2. செய்தது ஃபியூஷன்-ஐஓ என்ற அமெரிக்க நிறுவனம். ஊர் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி பக்கம். ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 2009-ல் அங்கே தலைமை விஞ்ஞானியாகச் சேர்ந்தார். ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் தங்கள் டேட்டா சென்டர்களுக்கு இந்தக் கார்டுகளை மொத்தமாக வாங்கின. ஹெச்பி, டெல், ஐபிஎம் இவற்றைத் தங்கள் பெயர் போட்டுத் தங்கள் சர்வர்களோடு விற்றன. அந்த சர்வர்களைக் கழித்துக் கட்டியபோது உள்ளே இருந்த கார்டுகளும் வெளியே வந்தன. அப்படித்தான் வீட்டில் சர்வர் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் கைக்கு இவை எட்டின.

வீட்டில் எதற்கு சர்வர் என்று கேட்பவர்கள் உண்டு. இருபது வருடக் குடும்பப் படங்கள், வீடியோக்கள், பத்திரங்களின் ஸ்கேன்கள், வேலைக்குத் தேவையான நாலைந்து மெய்நிகர் கணினிகள், எல்லாம் ஒரே பெட்டியில், நம் கட்டுப்பாட்டில். என்னுடையது நான்கு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு டவர். இடம் தாராளம், வேகம்தான் போதவில்லை. ஹார்டு டிஸ்க் ஒரு சின்னத் துண்டைத் தேடி எடுக்கப் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஐஓடிரைவ்2-வின் கணக்கு மைக்ரோ விநாடியில். இந்த 1.2 டி.பி. மாடலுக்கு நிறுவனம் கொடுத்த அளவு: படிக்க 68, எழுத 15. ஹார்டு டிஸ்க்குக்கும் கார்டுக்கும் நடுவே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி.

பழசு என்றதும் எல்லோரும் பயப்படுவது தேய்மானத்துக்கு. ஃபிளாஷில் எழுத எழுத அது தேயும், உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். கடையில் புதிதாகக் கிடைக்கும் 1 டி.பி. சாம்சங் 870 ஈவோவுக்கு உத்தரவாதமுள்ள எழுத்தளவு 600 டி.பி. இந்தக் கார்டுக்கு 17 பெட்டாபைட், அதாவது 17,000 டி.பி. டிரைவரைப் போட்டு, ஃபியோ-ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த 17-ல் எத்தனை சதவீதம் மிச்சம், ஒதுக்கி வைத்த உதிரி இடம் எவ்வளவு குறைந்திருக்கிறது, இதுவரை எழுதியது எத்தனை பைட் என்று கார்டே வரிவரியாகச் சொல்லிவிடும். என் கார்டு 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம் காட்டியது. ஒரு நாளைக்கு 50 ஜி.பி. எழுதும் வீட்டில் வருடத்துக்கு 18 டி.பி.தான் போகும். முப்பது சதவீதம் தேய்ந்த கார்டாக இருந்தாலும் கணக்குப்படி அறுநூறு வருடம் வரும். அதற்குள் கெப்பாசிட்டரோ சால்டரோ போய்விடும் என்பது வேறு விஷயம். ஃபிளாஷ் தீர்ந்துபோவதை நாம் பார்க்கப்போவதில்லை.

அப்படியானால் இந்தக் கார்டுகளின் ஆயுளை முடிப்பது எது? கடைக்காரர் சொன்னாரே, சொருகினேன், டிஸ்க்கே காட்டவில்லை என்று. அதுதான்.

ஃபியூஷன்-ஐஓவை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஃபிளின் ஃபிளாஷை டிஸ்க்காகப் பார்க்கவில்லை, நினைவகத்தின் இன்னொரு அடுக்காகப் பார்த்தார். சாதாரண எஸ்.எஸ்.டி.யில் ஒரு குட்டிச் செயலியும் கொஞ்சம் ராமும் இருக்கும். எந்தத் தரவு எந்தச் சிப்பில் எந்த மூலையில் கிடக்கிறது என்ற பேரேட்டை அவை பார்த்துக்கொள்ளும். ஃபிளின் அந்தக் குட்டிச் செயலியை எடுத்துவிட்டார். பேரேடு சர்வரின் ராமிலேயே இருக்கும், கணக்குப் பார்க்கும் வேலையை சர்வரின் சிபியு செய்யும், இடையில் தரகரே கிடையாது. ஹார்டு டிஸ்க் காலத்து நெறிமுறைகள் எதுவும் குறுக்கே வராததால் அந்த நாளில் அபாரமான வேகம் கிடைத்தது. அழகான யோசனை. இன்றைக்கும் அதன் வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

அதற்கான விலை டிரைவரில் இருந்தது. விஎஸ்எல் என்று பெயரிட்ட அந்த மென்பொருள் இல்லாவிட்டால் மதர்போர்டுக்கு இந்தக் கார்டு அடையாளம் தெரியாத ஏதோ ஒரு சாதனம், அவ்வளவே. இதிலிருந்து பூட் செய்யவும் முடியாது. லினக்ஸுக்கான டிரைவரின் வெளிச்சுற்று மட்டும் திறந்த மூலம். நடுவில் கணக்குப் பார்க்கும் பகுதி, கம்பைல் செய்து மூடிக் கொடுத்த ஒரு பொதி. லினக்ஸ் கெர்னலோ தன் உள்ளமைப்பை ஓயாமல் மாற்றிக்கொண்டே போகும். யாராவது கூடவே ஓடி அந்த வெளிச்சுற்றைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் கார்டு உயிரோடு இருக்கும்.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஜூனில் ஃபியூஷன்-ஐஓ நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலாகிறது. அதே வருடம் மார்ச்சில் என்விஎம்இ நெறிமுறையின் முதல் பதிப்பு வெளியாகிவிட்டது. பி.சி.ஐ.இ. ஸ்லாட்டில் உட்காரும் எந்த நிறுவனத்தின் ஃபிளாஷும் ஒரே பொது மொழியில் பேசட்டும் என்பது அதன் நோக்கம். 2012-ல் வந்த லினக்ஸ் 3.3-லேயே அதற்கான டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வந்தது. அதன்பிறகு தனி மொழி பேசும் கார்டுக்கு எதிர்காலம் இல்லை. 2014-ல் சான்டிஸ்க் சுமார் 110 கோடி டாலருக்கு ஃபியூஷன்-ஐஓவை வாங்கியது. 2016-ல் சான்டிஸ்க்கையே வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இரண்டு முறை கைமாறிய நிறுவனத்தின் பழைய கார்டுக்குப் புது டிரைவர் எழுத யாருக்கு என்ன அவசரம்? இன்று அந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் ஒரு சில தன்னார்வலர்கள். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் எங்கே உடைகிறது என்று பார்த்து, வெளிச்சுற்றைத் திருத்திப் பொதுவில் போடுகிறார்கள். ஒரு பைசா வாங்காமல் செய்யும் வேலை. அவர்கள் நிறுத்தும் நாளில், 80 சதவீதம் ஆயுள் மிச்சமிருக்கும் என் கார்டு பழைய கெர்னலோடு கட்டுண்டு நிற்கும்.

ஆகவே வாங்கும் முன் இரண்டே கேள்வி. மிச்ச ஆயுள் எவ்வளவு என்பது ஒன்று. நான் ஓட்டும் இயங்குதளத்தின் இன்றைய பதிப்பில், கார்டின் அதே தலைமுறைக்கான டிரைவர் இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு எனக்கு உறுதியான பதில் கிடைக்காவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

வாங்கி வந்ததும் முதல் வேலை, முழுவதும் அழிப்பது. முன்னவரின் தரவு அதில் இருக்கலாம். அதைத் துருவிப் பார்க்கும் உரிமை நமக்கில்லை. அழித்தபின் ஃபார்மட் செய்யும்போது பிளாக் அளவு 4,096 பைட் என்று கொடுங்கள். 512 என்று விட்டால் பேரேட்டில் பதிவுகள் எட்டு மடங்காகும், சர்வரின் ராமை அது தின்றுவிடும்.

அடுத்து, என்ன வேலை கொடுப்பது? இதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். வீட்டு சர்வர்கள் பலவற்றில், டிஸ்க்குகளை ஒரே பூலாகச் சேர்த்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஓடுகிறது. ஃபிளாஷ் கார்டு கிடைத்ததும் அதை ஸ்லாக் ஆகப் போட்டால் எல்லாம் வேகமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்லாக் என்பது ரசீதுப் புத்தகம் மாதிரி. "எழுதியாகிவிட்டது என்று ரசீது கொடுத்தால்தான் நகர்வேன்" என்று நிற்கும் எழுத்துகளுக்கு மட்டும்தான் அது உதவும். டேட்டாபேஸ், என்எஃப்எஸ் வழியாக வேலை செய்யும் மெய்நிகர் கணினி போன்றவை அந்த வகை. விண்டோஸிலிருந்து ஃபோட்டோ ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது யாரும் ரசீது கேட்பதில்லை, ஆகவே ஸ்லாக் சும்மா கிடக்கும். வேலை செய்தாலும் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? இசட்எஃப்எஸ் ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் கொட்டிவிடும். 10 கிகாபிட் நெட்வொர்க் முழு வேகத்தில் வந்தாலும் ஐந்து விநாடிக்கு 6.25 ஜி.பி. இரண்டு சுற்றுக்கு வைத்தால் 12.5 ஜி.பி. அதற்கு 1.2 டி.பி. கார்டு, ஒரு ஆள் போக லாரி பிடிக்கிற மாதிரி.

படிப்பதற்கான துணைக் கேஷாகப் போடலாம், எல்டூ ஆர்க் என்பார்கள். கார்டு செத்தாலும் தரவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே பணத்துக்கு ராம் கூட்ட முடியுமானால் ராம்தான் முதலில்.

2019-ல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 0.8-லிருந்து ஸ்பெஷல் வீடெவ் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவை ஃபிளாஷுக்கு மாற்றிவிடலாம். லட்சக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டர் சட்டென்று திறக்கும். ஆசையாக இருக்கும். கவனம்: அந்தக் கார்டு போனால் மொத்தப் பூலும் போயிற்று, ஹார்டு டிஸ்க் நான்கும் நல்லபடியாக இருந்தாலும் சரி. இரண்டு தனித்தனிக் கார்டுகளை மிரராகப் போட முடியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தனித்தனி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆரக்கிளின் எஃப்80 கார்டு பழைய சந்தையில் கிடைக்கும். 800 ஜி.பி., ஆனால் சர்வருக்கு அது நான்கு 200 ஜி.பி. டிஸ்க்குகளாகத் தெரியும். லினக்ஸ் கெர்னலோடு வரும் சாதாரண எஸ்ஏஎஸ் டிரைவரே அதற்குப் போதும். டிரைவர் தொல்லை இல்லாத நல்ல கார்டு. ஆனால் நான்கு டிஸ்க் தெரிகிறதே என்று இரண்டிரண்டாக மிரர் போட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது. நான்கும் ஒரே கன்ட்ரோலர், ஒரே ஸ்லாட், ஒரே ஹீட்சிங்க். போனால் நான்கும் சேர்ந்தே போகும்.

என் கார்டில் நான் வைத்திருப்பது மெய்நிகர் கணினிகளின் டிஸ்க்குகளையும் படங்களின் சிறு உருவங்களையும். தினமும் இரவு இரண்டு மணிக்கு எல்லாம் ஹார்டு டிஸ்க் பூலுக்குப் பிரதியாகிவிடும். நாளைக்கே கார்டு போனாலும் இழப்பு ஒரு நாள் வேலை.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அதிலும் சென்னையில் இருந்துகொண்டு. இவை டேட்டா சென்டர் சர்வருக்காகச் செய்தவை. அங்கே முன்னால் வரிசையாக ஃபேன்கள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அறையும் குளிரூட்டப்பட்டது. கார்டில் சொந்த ஃபேன் கிடையாது. என் டவரில் அந்த ஸ்லாட் பக்கம் காற்று அசைவே இல்லை. மே மாதம் மதியம், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், ஃபியோ-ஸ்டேட்டஸ் 74 டிகிரி காட்டியது. பக்கத் தகட்டைக் கழற்றி ஹீட்சிங்கில் விரல் வைத்தேன், ஒரு விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் தன்னை அணைத்துக்கொள்ளும். 120 மி.மீ. ஃபேன் ஒன்றை கார்டுக்கு நேரே வைத்து, இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினேன். அரை மணி நேரத்தில் 53-க்கு இறங்கியது. கார்டோடு ஃபேன் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கரன்ட் கணக்கும் உண்டு: முழுச் சுமையில் 25 வாட், இடைவிடாமல் அப்படியே ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். சும்மா இருக்கும்போது குறையும்.

கரன்ட் பட்டென்று போனால்? யு.பி.எஸ். கண்டிப்பாக வேண்டும். அதையும் மீறி சர்வர் அணைந்துவிட்டால், மறுபடி போடும்போது கார்டு உடனே வராது. ராமில் இருந்த பேரேடு போய்விட்டதல்லவா, சிப்புகள் முழுவதையும் படித்து அதைத் திரும்ப எழுதிக்கொள்ளும். பல நிமிடங்கள் பிடிக்கும். கார்டு செத்துவிட்டது என்று பதறி மறுபடி மறுபடி ரீசெட் பட்டனை அழுத்துவதுதான் செய்யக்கூடாத காரியம். பேசாமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கழற்றி அலமாரியில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டேட்டா சென்டர் ரக ஃபிளாஷுக்கு ஜெடெக் தரநிலை கேட்பது, எழுத்து ஆயுள் முடிந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், 40 டிகிரியில் மூன்று மாதம் தரவு நிலைக்க வேண்டும் என்பதுதான். வீட்டு எஸ்.எஸ்.டி.க்கு 30 டிகிரியில் ஒரு வருடம். அதிகம் தேயாத கார்டு அதைவிட நீண்ட நாள் தாங்கும். என்றாலும் நம் கோடையில் பீரோவுக்குள் கிடக்கும் கார்டைப் பிரதிக்கான இடமாக எண்ண வேண்டாம்.

இன்று புதிதாகத் தொடங்கும் ஒருவர் கேட்டால் நான் கைகாட்டுவது பழைய என்விஎம்இ கார்டுகளை. 2014-ல் வந்த இன்டெல் பி3700 அந்த வகை: 400 ஜி.பி. மாடலுக்கே 7.3 பெட்டாபைட் எழுத்தளவு, கரன்ட் போனால் கடைசித் துளியைக் காப்பாற்ற கார்டிலேயே கெப்பாசிட்டர், டிரைவர் எந்த லினக்ஸிலும் உள்ளேயே இருக்கிறது. தேய்மானத்தைப் பார்க்கவும் தனி மென்பொருள் வேண்டாம். எல்லா என்விஎம்இ கார்டும் ஒரே படிவத்தில் எத்தனை சதவீதம் தேய்ந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை முறையில்லாமல் அணைந்தது என்று சொல்லும். கடை மேசையிலேயே ஒரு லேப்டாப்பையும் அடாப்டரையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஃபியூஷன்-ஐஓவிலிருந்து லினக்ஸுக்கு வந்து நிலைத்த ஒன்றும் இருக்கிறது. கெர்னலின் பழைய டிஸ்க் வரிசை ஒற்றைக் கவுன்டர் மாதிரி, இத்தனை வேகமான ஃபிளாஷுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அப்போது அங்கே வேலை பார்த்த ஜென்ஸ் ஆக்ஸ்போ, சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒவ்வொரு சிபியு கோருக்கும் தனி வரிசை கொடுக்கும் அமைப்பை வடிவமைத்தார். 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13-ல் அது சேர்ந்தது. இன்றைய என்விஎம்இ டிரைவர் ஓடுவது அந்தப் பாதையில்தான்.

என் சர்வரில் கெர்னல் தானாக மேம்படுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் டிரைவரைக் கம்பைல் செய்து பார்ப்பேன். அங்கே தேறினால்தான் சர்வருக்கு. சர்வரின் பக்கத் தகட்டில், கெர்னல் எண்ணையும் டிரைவர் எண்ணையும் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். கார்டுக்கு அடுத்த ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதில் ஒரு பி3700 போடக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் போன் செய்கிறேன் என்றிருக்கிறார்.