பால் கொடுக்கும் நேரமும் தராசுக் கணக்கும்

பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்கு, நடுவே போய்ப் பால் கொடுத்துவர நேரம் உண்டு. கங்காணி மனமிரங்கித் தரும் சலுகையல்ல அது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் தரும் உரிமை. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை. மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்கக் கூடாது.

அட்டன், நுவரெலியாப் பக்கத்தில் சிக்கல் வருவது தராசில்தான். கொழுந்து மலை உச்சியில், மடுவம் அடிவாரத்தில் என்றால், மழையில் வழுக்கும் படிகளில் இறங்கி, ஈரப் படங்கை அவிழ்த்து, கை கழுவிப் பிள்ளையை மடியில் எடுப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். திரும்பி ஏறும்போது மற்றவர்களின் கூடை நிறைந்திருக்கும். நேரத்தைக் கொடுத்துவிட்டு, கிலோ குறைந்தது என்று அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? பாலூட்டும் தாய்மாருக்கு மடுவத்துக்குப் பக்கத்து மலையில் வேலை கேளுங்கள். அவர்கள் எடுக்கவேண்டிய கிலோவைக் குறைக்கச் சொல்லித் தோட்டத் தலைவர் மூலம் துரையிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு குறையும் என்று இன்னும் சொல்கிறார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு அது சரியல்ல. எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். கர்ப்பம், பிரசவம் என்று காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

தேயிலைக் காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வசதியான நேரத்தில் பறிக்கச் சொல்லும் முறையும் வந்திருக்கிறது. சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு அது நல்லதாகவே தோன்றும். எனக்கு இதில்தான் பயம் அதிகம். ஒப்பந்தப்படி நீங்கள் தொழிலாளி இல்லையென்றால், கம்பனி கட்டவேண்டிய 12 வீத சேமலாப நிதியும் மகப்பேற்றுக் காசும் கைவிட்டுப் போகலாம். தமிழில் வாசித்து விளக்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

உரிமை மறுக்கப்பட்டால் அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். சங்கம் வழியாகவும் போகலாம், தனியாகவும் போகலாம். வேலையை விட்டு நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுக் கொடுக்கவேண்டும். சம்பளச் சீட்டுகள், கிளினிக் அட்டை, அரைப்பேர் போட்ட நாட்களின் திகதிகள் மூன்றையும் இன்றிலிருந்தே எடுத்து வையுங்கள்.